தங்காத கால்கள்: நிக்கோலா அனெல்காவின் பன்னிரண்டு கிளப்புகள்

லண்டனுக்கு வடக்கே லண்டன் கோல்னி என்ற ஊரில் ஆர்சனல் கிளப்பின் பயிற்சி மைதானம் இருக்கிறது. 1999-ல் திறக்கப்பட்டது. பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் தன் யோசனைப்படி கட்டவைத்த இடம். அதற்கு முன்னால் ஆர்சனல் ஆட்கள் ஒரு கல்லூரியின் மைதானத்தை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சொந்த மைதானம் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆர்சனல் ரசிகர்கள் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்வார்கள்: நிக்கோலா அனெல்கா. அந்த ஆண்டு கோடையில் ரியல் மாட்ரிட் அவரை சுமார் 2 கோடியே 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. மைதானத்துக்குப் போக மீதிப் பணத்தில், யுவெண்டஸில் சோபிக்காமல் இருந்த தியரி ஆன்ரியை வெங்கர் அழைத்து வந்தார். ஆர்சனலின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் என்ற பெயர் பின்னால் ஆன்ரிக்குத்தான் போனது.

விற்கப்பட்டபோது அனெல்காவுக்கு வயது 20. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு ஆர்சனல் அவருக்காகக் கொடுத்தது சுமார் 5 லட்சம் பவுண்டு.

இதற்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் அவர் ஆடினார். தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் பிரான்ஸ், இங்கிலாந்து, ஸ்பெயின், துருக்கி, சீனா, இத்தாலி, கடைசியாக நம் இந்தியா என ஏழு நாடுகளில் 12 கிளப்புகள். இங்கிலாந்திலும் துருக்கியிலும் இத்தாலியிலும் லீக் சாம்பியன் அணியில் இருந்தார். சாம்பியன்ஸ் லீக் வென்றார். யூரோ 2000 வென்ற பிரான்ஸ் அணியில் இருந்தார். பிரீமியர் லீக்கில் மட்டும் 364 ஆட்டங்கள், 125 கோல்கள், அதுவும் ஆறு வெவ்வேறு கிளப்புகளுக்காக. அவரை வாங்கியும் விற்றும் கைமாறிய தொகைகளைக் கூட்டினால் 9 கோடி பவுண்டை நெருங்கும். ஒரு காலத்தில் வேறு எந்தக் கால்பந்து வீரருக்கும் இவ்வளவு பணம் கைமாறியதில்லை. இத்தனைக்கும் பிறகு அவர் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது கோல்கள் அல்ல, சண்டைகள். எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் 1999-லேயே ஒரு பட்டப்பெயர் சூட்டின. அது அவரை விடவே இல்லை.

பணத்துக்காக ஊர் ஊராகப் போனவர், திறமையை வீணடித்தவர் என்று அனெல்காவைப் பற்றி எழுதுவது சுலபம். அது பாதி உண்மைகூட இல்லை என்று நினைக்கிறேன். ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு வீரனின் ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி தலைகீழாக மாறிய ஆண்டுகளில் அவர் வளர்ந்தார். 17 வயதில் அந்தச் சந்தை அவருக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. அதை அவர் மறக்கவில்லை. அதற்கான தண்டனையை அவர்தான் அதிகம் அனுபவித்தார்.

த்ராப் பையன்

அனெல்கா 1979 மார்ச் 14 அன்று வெர்சாய் அருகே உள்ள லெ ஷெனேயில் பிறந்தார். பெற்றோர் கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான மார்தினிக்கைச் சேர்ந்தவர்கள். வளர்ந்தது பாரிஸின் மேற்குப் புறநகரான த்ராப்பில். அடுக்குமாடிக் குடியிருப்புகளும் குடியேறிகளின் குடும்பங்களும் நிறைந்த ஊர் அது. நகைச்சுவை நடிகர் ஜமெல் டெபூஸும், திரைப்பட நடிகர் ஒமர் சீயும் அதே ஊரில் வளர்ந்தவர்கள்தான். பதின்பருவத்தில் பிரான்ஸின் தேசியக் கால்பந்துப் பள்ளியான கிளேர்ஃபோந்தேனில் அனெல்காவுக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து பாரிஸ் சாங் ஜெர்மான், அதாவது பி.எஸ்.ஜி. 16 வயதிலேயே அந்த அணியின் முதல் நிலைச் சட்டையைப் போட்டுவிட்டார்.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பிடித்து வைக்கக் கிளப்புகளுக்கு உரிமை இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பரில் போஸ்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. பிரான்ஸில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. தான் வளர்த்த இளைஞன் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தைத் தன்னிடம்தான் போட வேண்டும் என்று ஒரு பிரெஞ்சு கிளப் கேட்கலாம். ஆனால் அந்தப் பேச்சு பிரான்ஸின் எல்லைக்குள்தான் செல்லும். பையன் கடல் தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. 1996 இலையுதிர்காலத்தில் ஆர்சனலுக்கு வந்த வெங்கர், பிரெஞ்சுக் கால்பந்தின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர். 1997 பிப்ரவரியில் அனெல்கா லண்டன் போய்ச் சேர்ந்தார். பி.எஸ்.ஜி. கோபத்தில் கொதித்தது. கையில் கிடைத்த 5 லட்சம் பவுண்டோடு அடங்க வேண்டியதாயிற்று.

ஒரு சிறுவனை வளர்த்த கிளப்புக்கு, அவன் வேறு நாட்டுக்குப் போகும்போது பயிற்சி இழப்பீடு தர வேண்டும் என்ற விதியை ஃபிஃபா 2001-ல்தான் கொண்டுவந்தது. அனெல்கா போன்றவர்கள் அதற்கு முந்தைய இடைவெளியில் புறப்பட்டவர்கள். அந்த இடைவெளியால் ஆர்சனலுக்கு லாபம். ஆனால் ஒப்பந்தம் என்பது அடுத்த அழைப்பு வரும்வரைக்கும்தான் என்பதை அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஆர்சனல்தான். இரண்டு ஆண்டு கழித்து அவன் அதே பாடத்தைத் திருப்பி ஒப்பித்தபோது லண்டனே அதிர்ந்தது. எனக்கு அதில் அதிர ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள்! 1997-98 பருவத்தில் இயன் ரைட் காயத்தில் ஒதுங்கியதும் அனெல்காவுக்கு வழி திறந்தது. டென்னிஸ் பெர்காம்ப் தலையை நிமிர்த்திப் பார்ப்பதற்குள் இவர் ஓடத் தொடங்கியிருப்பார். கடைசித் தடுப்பு வீரருக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே பந்து வந்து விழும் இடம் அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஓடும்போது உடல் குலுங்காது. வேகம் கூடுவது பார்ப்பவருக்கே தெரியாது, பின்னால் துரத்துபவருக்கு மட்டும் தெரியும். அந்த ஆண்டு ஆர்சனல் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்த்து வென்றது. 1998 மே 16, வெம்பிளி. நியூகாசிலுக்கு எதிரான கோப்பை இறுதி. ரே பார்லர் அனுப்பிய பந்தை நெஞ்சில் வாங்கி, தடுப்பு வீரரைத் தாண்டி ஓடி, தாழ்வாக மூலைக்கு அடித்தார். 2-0. அப்போது அவருக்கு 19 வயது.

அடுத்த மாதம் பிரான்ஸில் உலகக் கோப்பை. எய்மே ஜாக்கே முதலில் அழைத்த 28 பேரில் அனெல்கா இருந்தார். பட்டியல் 22 ஆகச் சுருங்கியபோது இல்லை. பிரான்ஸ் கோப்பையை வென்றது. முன்னணியில் ஆடிய ஸ்டெஃபான் கிவார்ஷ் அந்தத் தொடரில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, 1999 பிப்ரவரியில், வெம்பிளியில் இங்கிலாந்தை பிரான்ஸ் 2-0 என்று வென்றபோது இரண்டையும் அடித்தவர் அனெல்கா. அந்தப் பருவத்தில் லீக்கில் 17 கோல்கள்; சக வீரர்கள் வாக்களித்துத் தரும் சிறந்த இளம் வீரர் விருதும் அவருக்கே. ஆர்சனல் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை மான்செஸ்டர் யுனைடெட்டிடம் இழந்தது.

இப்படி ஒரு வீரர் ஏன் போக வேண்டும்? இங்கிலாந்துப் பத்திரிகைகளைக் காரணம் காட்டினார் அவர். அவருடைய விவகாரங்களைக் கவனித்த அண்ணன்கள் க்ளோதும் திதியேவும்தான் காரணம் என்றன பத்திரிகைகள். லாசியோ வந்தது, யுவெண்டஸ் வந்தது, பேரம் கோடை முழுக்க நீண்டது. இருபது வயதில் தன்னைத் தாங்கிப் பிடித்த ஒரே பயிற்சியாளரை விட்டுப் போனது அவர் வாழ்க்கையின் ஆகப் பெரிய பிழை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெங்கர் அவரிடம் புன்னகையைக் கேட்கவில்லை. ஓட்டத்தை மட்டும் கேட்டார். அடுத்து போன இடத்தில் நிலைமையே வேறு.

மாட்ரிட்: ஒன்பது மாதம்

ரியல் மாட்ரிட்டின் உடைமாற்றும் அறையில் முதல் நாள் தன்னை யாரும் யாருக்கும் அறிமுகம் செய்து வைக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலெல்லாம் இது இன்னாருடைய இடம் என்று எழுப்பினார்கள் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ராவுல், ஃபெர்னாண்டோ மோரியெண்டஸ் என்று ஏற்கெனவே ஊர் கொண்டாடும் இரண்டு முன்கள வீரர்கள் இருந்த அணி அது. அவர்களில் ஒருவர் வெளியே உட்கார்ந்தால்தான் இவருக்கு இடம். கிளப் அதுவரை வாங்கியவர்களிலேயே விலை உயர்ந்தவர், ஸ்பானிஷ் தெரியாதவர், வயது இருபது. அழைத்த பயிற்சியாளர் ஜான் டோஷாக் நவம்பரில் நீக்கப்பட்டார். விசென்டே டெல் போஸ்கே வந்தார். அனெல்காவுக்கு மாதக்கணக்கில் கோல் விழவில்லை. 2000 ஜனவரியில் பிரேசிலில் நடந்த கிளப் உலகக் கோப்பையில்தான் கணக்குத் திறந்தது. பிப்ரவரியில் பார்சிலோனாவை 3-0 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று மாட்ரிட் நம்பிய நேரம் அது.

மார்ச்சில் பயிற்சிக்கு வர மறுத்தார். சக வீரர்கள் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றிடம் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிட்டார். கிளப் 45 நாள் இடைநீக்கம் செய்தது, சம்பளமும் கிடையாது. வேறு எந்த வீரராக இருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மன்னிப்புக் கேட்டு, தண்டனை குறைக்கப்பட்டு, அணிக்குத் திரும்பினார்.

மே 3. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, மாட்ரிட்டில் பேயர்ன் மியூனிக்குடன் முதல் ஆட்டம். குழு ஆட்டங்களில் அதே பருவத்தில் மாட்ரிட்டை இரண்டு முறை நாலு நாலு கோல் அடித்து நொறுக்கிய அணி பேயர்ன். நான்காவது நிமிடத்தில் அனெல்கா கோல் அடித்தார். பிறகு பேயர்ன் வீரர் ஒருவரின் காலில் பட்டு சொந்த கோல் ஒன்று. 2-0. மே 9, மியூனிக்கில் இரண்டாம் ஆட்டம். பேயர்ன் முந்தியதும் மைதானம் அதிர்ந்தது. 31-வது நிமிடத்தில் வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார் அனெல்கா. பேயர்ன் 2-1 என்று வென்றும் மொத்தக் கணக்கில் 3-2 என்று வெளியேறியது. மாட்ரிட்டின் மூன்றில் இரண்டு இவருடையது. மூன்றாவது எதிரியே போட்டுக்கொண்டது. மே 24 அன்று பாரிஸ் புறநகரில் வலென்சியாவை 3-0 என்று வீழ்த்தி மாட்ரிட் தன் எட்டாவது ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது, தொடக்க அணியில் அனெல்காவும் இருந்தார்.

அந்தப் பருவத்தின் லீக்கில் அவர் அடித்தது இரண்டே கோல்கள். மாட்ரிட் ரசிகர்களில் பலர் இன்றும் அவரைத் தோல்வி என்றே எண்ணுகிறார்கள். அந்த இரண்டு அரையிறுதி கோல்களை எடுத்துவிட்டு எட்டாவது கோப்பையைக் கணக்கிட்டுப் பாருங்கள், அது மாட்ரிட்டுக்கு வந்தே இருக்காது.

கோடையில் பி.எஸ்.ஜி. அவரைத் திரும்ப வாங்கியது. மூன்றரை ஆண்டுக்கு முன் 5 லட்சம் பவுண்டுக்கு விட்டுக்கொடுத்த அதே பையனுக்கு, ஏறத்தாழ மாட்ரிட் கொடுத்த அளவுக்கே பணம் கொட்டியது. பாரிஸ் புறநகரின் பையன்களைக் கொண்டே ஒரு பெரிய அணி என்பது அந்த ஆண்டின் கனவு. கனவு டிசம்பருக்குள் கலைந்தது. பயிற்சியாளர் மாறி லூயி ஃபெர்னான்டெஸ் வந்தார். அவருக்கும் அனெல்காவுக்கும் ஒத்துப்போகவில்லை. 2001 டிசம்பரில் லிவர்பூலுக்கு லோனில் அனுப்பப்பட்டார்.

லிவர்பூல் அவருக்குப் பிடித்திருந்தது. அவரையும் அங்கே பலருக்குப் பிடித்திருந்தது. அணி லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்தபோது, பயிற்சியாளர் ஜெரார் உல்லியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு செனகலின் எல்ஹாஜி தியூஃபை வாங்கினார். அனெல்கா எங்கும் தங்க மாட்டார் என்பவர்கள் இந்த அரைப் பருவத்தை மறந்துவிடுகிறார்கள். இங்கே போக விரும்பாதவர் அவர்; அனுப்பியது கிளப். பழைய பெயர் முன்னால் போய் கதவைச் சாத்தியிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேட்காதவர்களிடம் கொடுத்தார்

மான்செஸ்டர் சிட்டியின் பயிற்சியாளர் கெவின் கீகன் அந்தக் கதவைப் பற்றிக் கவலைப்படவில்லை. 2002-ல் முதல் நிலை லீக்குக்குத் திரும்பியிருந்த மான்செஸ்டர் சிட்டி அப்போது எண்ணெய்ப் பணம் இல்லாத கிளப். தன் வரலாற்றிலேயே அதிகமாக 1 கோடியே 30 லட்சம் பவுண்டு கொடுத்து அனெல்காவை வாங்கியது. பழைய மெயின் ரோடு மைதானத்தில் நடந்த கடைசி உள்ளூர் மோதலில் மான்செஸ்டர் யுனைடெட்டை 3-1 என்று வென்றபோது முதல் கோல் இவருடையது. 2003 மே மாதம், சாம்பியன்ஸ் லீக் இடத்துக்காக முட்டிக்கொண்டிருந்த லிவர்பூலின் ஆன்ஃபீல்டுக்கு சிட்டி போனது. 2-1. இரண்டு கோலும் அனெல்கா, இரண்டாவது கடைசி நிமிடத்தில். லிவர்பூல் அந்தப் பருவத்தை ஐந்தாவதாக முடித்தது, சாம்பியன்ஸ் லீக் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சிட்டி புது மைதானத்துக்கு மாறி பார்சிலோனாவுடன் நட்பு ஆட்டம் ஆடியபோது, அந்தப் புல்லில் விழுந்த முதல் கோலும் அவருடையதே.

2004 அக்டோபரில் ஜோசே மொரின்யோவின் செல்சி அங்கே வந்தது. அந்தப் பருவத்தில் செல்சி 95 புள்ளிகள் எடுத்தது. லீக்கில் தோற்றது ஒரே ஒரு ஆட்டம், அது இதுதான். 1-0. பெனால்டி. அடித்தவர் அனெல்கா. இந்தப் பெனால்டியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்று வரப்போகிறது.

2005 ஜனவரியில் இஸ்தான்புல்லின் ஃபெனர்பாசே. சேர்ந்த ஆண்டே துருக்கிச் சாம்பியன். அடுத்த ஆண்டு கடைசி நாளில் பட்டத்தை கலாத்தசராயிடம் நழுவவிட்டார்கள். இந்த ஆண்டுகளில்தான் அவர் இஸ்லாத்தைத் தழுவிய செய்தியும் வெளியே வந்தது. 2006-ல் பெரிய நகரம், பெரிய பெயர் எதுவும் இல்லாத போல்டன் அவரைத் தேடி வந்தது. சாம் அலர்டைஸ் என்ற பயிற்சியாளர் அங்கே யூரி ஜோர்க்கயெஃப், ஜே-ஜே ஒகோச்சா, ஃபெர்னாண்டோ ஹியெரோ போன்ற, பெரிய இடங்களில் பேர் முடிந்துபோனதாகச் சொல்லப்பட்டவர்களை அழைத்து வந்து ஆடவைத்தவர். கிளப்பின் சாதனைத் தொகையாக 80 லட்சம் பவுண்டு கொடுத்தார். ஒன்றரை ஆண்டில் அனெல்கா அங்கே லீக்கில் 21 கோல் அடித்தார். போல்டனில் அவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததாக யாரும் எழுதவில்லை. எழுத அங்கே பத்திரிகைகளும் அதிகம் வரவில்லை.

வெங்கர், கீகன், அலர்டைஸ். இந்த மூவரின் கால்பந்தும் ஒன்றுக்கொன்று ஒட்டாதது. ஆனால் மூவருக்கும் அனெல்கா ஓடினார். பி.எஸ்.ஜி. தன் ஊரின் அடையாளமாக அவரைக் கேட்டது, மாட்ரிட் ஒரு நட்சத்திரத்தைக் கேட்டது, இரண்டு இடத்திலும் அவர் சுருங்கினார். முன்கள வீரர் மட்டும் போதும் என்றவர்களுக்கு முழுசாகக் கொடுத்தார்.

2008 ஜனவரியில் செல்சி 1 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியது. நான்கு மாதம் கழித்து மாஸ்கோ. சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட். மே 21 இரவு, கொட்டும் மழை. யுனைடெட்டின் ரொனால்டோ அடித்த கோலுக்கு செல்சியின் லாம்பார்டின் பதில், 1-1. கூடுதல் நேரத்தில் 99-வது நிமிடம் அனெல்கா உள்ளே வந்தார், தன் இடத்தில் அல்ல, ஓரத்தில். செல்சியின் முன்கள வீரர் ட்ரோக்பா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பெனால்டிக்கு வந்ததும் முதல் ஐந்தில் ஒன்றை அடிக்கச் சொன்னபோது மறுத்ததாக அனெல்காவே பின்னால் சொன்னார்: கடைசியில் உள்ளே வந்து, உடம்பு சூடேறாமல், பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தவனிடம் கேட்கிறீர்களே என்ற கோபம். செல்சியின் ஜான் டெர்ரி வழுக்கி விழுந்து, கோப்பையை வெல்லவிருந்த அடி கம்பத்தில் பட்டுப் போனதால் பெனால்டிகள் நீண்டன. ஏழாவது செல்சிக்காரர் அனெல்கா. யுனைடெட் கோல்கீப்பர் வான் டெர் சார் தன் வலப்பக்கம் பாய்ந்து தடுத்தார். எட்டு ஆண்டுக்கு முன்பு மாட்ரிட்டை இறுதிக்குக் கொண்டுசென்ற ஆள், செல்சியின் முதல் ஐரோப்பியக் கோப்பை கைநழுவிய கடைசி அடிக்குச் சொந்தக்காரர் ஆனார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்து வருவது. ஓடிப்போகும் ஆள் என்று பெயரெடுத்தவர், ஓடிப்போக எல்லா நியாயமும் இருந்த அந்தக் கோடையில் போகவில்லை. செல்சியிலேயே இருந்தார். 2008-09 பருவத்தில் லூயிஸ் பிலிப் ஸ்கொலாரி நீக்கப்பட்டு ஹூஸ் ஹிடிங்க் வந்த குழப்பத்துக்கு நடுவே லீக்கில் 19 கோல் அடித்து, ரொனால்டோவை ஒரே கோலில் முந்தி, அதிக கோலுக்கான தங்கக் காலணியை வாங்கினார். அடுத்த பருவம் கார்லோ அஞ்செலோட்டியின் கீழ் ட்ரோக்பாவுக்கு வழிவிட்டு அவரைச் சுற்றி ஆடினார். செல்சி லீக்கில் 103 கோல் அடித்து லீக்கும் கோப்பையும் சேர்த்து வென்றது. 1998-ல் ஆர்சனலோடு பெற்றதை 12 ஆண்டு கழித்து செல்சியோடு மீண்டும் பெற்றார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஒரே கிளப்பில். வாழ்க்கையில் வேறு எங்கும் அவ்வளவு காலம் இருந்ததில்லை.

க்னிஸ்னா

கிளப்பில் அமைதி கண்ட அதே கோடையில் தேசிய அணியில் வெடித்தது. 1998-லும் 2002-லும் 2006-லும் உலகக் கோப்பை அணியில் இடம் கிடைக்காதவர், 31 வயதில் தென்னாப்பிரிக்காவில் முதல்முறையாக ஆடினார். 2010 ஜூன் 17, மெக்சிகோவுடன் இரண்டாம் ஆட்டம். இடைவேளையில் பயிற்சியாளர் ரேமோன் தொமெனெக்குடன் வாக்குவாதம். இரண்டாம் பாதிக்கு அனெல்கா வரவில்லை. பிரான்ஸ் 0-2 என்று தோற்றது. இரண்டு நாள் கழித்து லெகிப் நாளிதழ், அவர் பயிற்சியாளரைத் திட்டியதாகச் சொல்லி, அச்சில் ஏறக் கூடாத வசவை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டது. அனெல்கா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மறுநாள் க்னிஸ்னா நகரின் பயிற்சி மைதானத்தில் மற்ற வீரர்கள் பேருந்தை விட்டு இறங்க மறுத்தார்கள். அவர்களுடைய கண்டன அறிக்கையைத் தொமெனெக்கே கேமராக்களுக்கு முன் வாசித்தார்.

பிரெஞ்சுக் கூட்டமைப்பு அனெல்காவுக்கு 18 ஆட்டத் தடை விதித்தது. அவ்வளவுதான், 69 ஆட்டம், 14 கோலோடு தேசிய வாழ்க்கை முடிந்தது. அச்சான அந்த வார்த்தைகள் தன் காதில் விழுந்தவை அல்ல என்று ஆண்டுகள் கழித்து தொமெனெக் ஒப்புக்கொண்டார். இதை அன்றே, கேமராக்களுக்கு முன்னால், அறிக்கை வாசித்த அதே வாயால் சொல்லியிருந்தால் ஒரு மனிதரின் பெயர் அந்த அளவுக்குக் கெட்டிருக்காது. அனெல்கா பேசியது மரியாதையாகத்தான் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. உடைமாற்றும் அறையின் கோபத்துக்கு ஒரு நாடே தண்டனை விதித்ததுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

2011 டிசம்பரில் செல்சியின் புதிய பயிற்சியாளர் ஆந்த்ரே வில்லாஸ் போவாஸிடம் விலகக் கேட்டு எழுதிக் கொடுத்தார். உடனே முதல் அணியோடு பயிற்சி செய்வதிலிருந்து ஒதுக்கப்பட்டார். அடுத்த மாதம் ஷாங்காய் ஷென்ஹுவா. சீனக் கிளப்புகள் ஐரோப்பிய நட்சத்திரங்களுக்குப் பணத்தை வாரி இறைக்கத் தொடங்கிய காலம் அது. பயிற்சியாளர் ழான் திகானா பருவம் தொடங்கிய சில வாரத்திலேயே போய்விட, ஆட்டத்தோடு பயிற்சிப் பொறுப்பும் கொஞ்ச காலம் இவர் தலையில் விழுந்தது. ஓராண்டில் அங்கிருந்து யுவெண்டஸ். சில நிமிடங்கள் மட்டுமே ஆடி ஓர் இத்தாலியப் பட்டம்.

பிறகு வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன். 2013 டிசம்பர் 28 அன்று வெஸ்ட் ஹாமுடன் 3-3 என முடிந்த ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். முதல் கோலுக்குப் பிறகு ஒரு கையை நீட்டி, மறு கையால் தோளைத் தொட்டுக் காட்டினார். யூத வெறுப்புப் பேச்சுக்காக பிரெஞ்சு நீதிமன்றங்களில் தண்டனை பெற்ற நகைச்சுவை நடிகர் தியூதோனே பரப்பிய சைகை அது. நண்பருக்கு ஆதரவாக, அதிகார அமைப்புக்கு எதிராகச் செய்தேன் என்றார் அனெல்கா. அவர் யூத வெறுப்பாளர் என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் குழுவும் முடிவு செய்யவில்லை. சைகைக்கு அந்தப் பொருள் உண்டு என்று சொல்லி ஐந்து ஆட்டத் தடையும் 80 ஆயிரம் பவுண்டு அபராதமும் விதித்தது. கிளப்பின் விளம்பரதாரர் விலகினார். மன்னிப்புக் கேட்கச் சொன்ன கிளப்பை 2014 மார்ச்சில் ட்விட்டரில் அறிவித்துவிட்டு உதறினார். கிளப்பும் அவரை நீக்கியது.

இதுவரை அவர் பக்கம் நின்று எழுதிய நான் இங்கே நிற்க முடியாது. ஒரு சைகை மைதானத்துக்கு வெளியே யாரை எப்படிக் காயப்படுத்தும் என்பது 34 வயதுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரான்ஸில் யூதப் பள்ளிகள், தொழுகைக் கூடங்களின் வாசலில் அதையே செய்து படம் எடுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். நண்பருக்கான விசுவாசம் என்று சொல்லி அந்தப் படங்களை அழிக்க முடியாது. மன்னிப்பு கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டும்.

மும்பை

பல நாட்டுக் கிளப்புகள் தயங்கி நின்ற நேரத்தில் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. 2014 செப்டம்பரில் மும்பை சிட்டி அனெல்காவை எடுத்தது. யூரோ 2000 வென்ற பிரான்ஸ் அணியின் மூன்று பேர் அந்த முதல் பருவத்தில் இந்தியாவில் இருந்தார்கள்: கோவாவில் ரோபேர் பிரேஸ், புனேயில் டேவிட் ட்ரெசகே, மும்பையில் அனெல்கா. சென்னையில் மார்கோ மாட்டெராசி ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். ஆர்சனலில் அனெல்காவோடு ஆடிய ஃப்ரெடி யுங்பெர்க் மும்பை அணியிலேயே இருந்தார். இங்கிலாந்துத் தடையின் மிச்சம் இந்தியா வரை துரத்தியது. கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் லீக்கின் முதல் ஆட்டத்தில் மும்பை 0-3 என்று தோற்றபோது, அனெல்கா ஆட அனுமதி இல்லை. அந்த ஆண்டு மும்பை எட்டு அணிகளில் ஏழாவது.

அடுத்த பருவம் அவரையே பயிற்சியாளராக்கியது கிளப். பயிற்சியாளர்களோடு மோதியே பெயர் வாங்கியவரிடம் ஓர் அணியைக் கொடுத்த அந்த முடிவில் பெரிய நம்பிக்கை இருந்தது. அவர் கையில் வந்தவர்களில் ஒருவர் சுனில் சேத்ரி. இந்திய அணியில் ஆண்டுக்கணக்காக ஒற்றை ஆளாக முன்களத்தைத் தாங்கியவர். 2015 அக்டோபரில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டுக்கு எதிராக சேத்ரி மூன்று கோல் அடித்தார். ஐ.எஸ்.எல்லில் ஓர் இந்தியர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. முன்கள வீரருக்கு எப்படி இடம் திறந்துகொடுப்பது என்று அனெல்காவுக்குத் தெரியும். அணியின் பின்வரிசையை எப்படி இறுக்கிக் கட்டுவது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. மும்பை ஆறாவதாக முடித்தது. அவர் விலகினார். அவர் ஆடிய கடைசி கிளப் மும்பைதான்.

பிறகு நெதர்லாந்தின் ரோடா ஜே.சி.யில் கொஞ்ச காலம் ஆலோசகர். 2018 நவம்பரில் பிரான்ஸின் லீல் கிளப் அவரைத் தன் இளைஞர் பிரிவுக்கு அழைத்தது. அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, முன்களத்தில் ஆடும் பையன்களுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி.